விலைக்குப் பெற்ற ஓய்வு: இங்கிலாந்தின் இல்லப் பணியாளர் முறை – ஒரு வரலாற்று நோக்கு

தம் நலத்தின் பொருட்டுப் பிறருடைய உழைப்பை விலைகொடுத்துப் பெறுதல் மிகத் தொன்மையானதொரு வழக்கமாகும். ஆயினும், எவ்வகை உழைப்பைப் பெறின் வாழ்வின் சுமை பெரிதும் குறையும் என்பதனை ஆராய்ந்து தெரிதல் அண்மைக் காலத்துக்கே உரிய முயற்சி எனப் பலர் கருதுவர். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இவ்விடயத்தில் அறிஞர்தம் கவனத்தை ஈர்த்தது. ஐக்கிய அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்த அவ்வாய்வாளர், தமக்குப் பிடிக்காத வேலைகளைப் பிறரைக் கொண்டு செய்வித்துக் காலத்தை மீதப்படுத்துவோர் வாழ்க்கையிற் கூடிய திருப்தி உடையோராய் இருத்தலைக் கண்டனர். வன்கூவர் நகரில் 60 பேருக்கு இரு வாரவிறுதிகளில் நாற்பது நாற்பது டொலர் கொடுத்து, ஒரு முறை பொருளுக்கும் மறுமுறை காலத்தை மீதப்படுத்தும் சேவைக்கும் செலவிடச் செய்து பார்த்தபோதும் சேவையே கூடிய மகிழ்ச்சியை அளித்தமை தெரியவந்தது.

இம்முடிவு உண்மையே எனக் கொள்ளலாம். எனினும், அங்கு அளக்கப்பெற்றது உழைப்பை வாங்கியவரின் நலனாகும். விற்றவரின் நலன் அவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே வைத்து நிறுப்பதற்கு வரலாறே தக்க துலாக்கோலாகும். அவ்வகையில், கூலிக்குப் பெறும் உதவியை ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்த்தெடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து நமக்கு நிறைந்த சான்றுகளை அளிக்கின்றது. அங்குள்ள மத்தியதர வர்க்கத்தினர் எவ்வுதவியை எவ்வரிசையில் தெரிந்தெடுத்தனர், அத்தெரிவு யாருக்கு நலம் பயந்தது, அம்முறை எவ்வாறு மறைந்தது என்பவற்றை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடும் அதன் சுமையும்

கைத்தொழிற் புரட்சி ஆலைகளில் நீராவி இயந்திரத்தைப் புகுத்திற்று. ஆனால் வீட்டினுள்ளே அது நெடுங்காலம் புகவில்லை. மாறாக, வீட்டு வேலையை அது பெருக்கிற்று என்பதே பொருந்தும். நகரங்களின் வானம் நிலக்கரிப் புகையால் இருண்டது. திரைச்சீலையும் மேசை விரிப்பும் விரைவில் அழுக்கேறின. ஒவ்வோர் அறையிலும் கணப்படுப்பு இருந்தது. ஒவ்வொரு காலையும் சாம்பலை அள்ளி, அடுப்பின் இரும்புக்குக் கருமெருகு பூசி, புதிதாய்த் தீ மூட்டல் வேண்டும். இலண்டன் போன்ற நகரங்களில் நிலமட்டத்தின் கீழே சமையலறையும் உச்சியிலே பணியாளர் துயிலும் அறையும் அமைய, இடையே மூன்று நான்கு மாடிகள் உயர்ந்து நின்றன. நிலக்கரியும் வெந்நீரும் மேலே செல்லவும், சாம்பலும் அழுக்குநீரும் கீழே வரவும் மனிதரின் கைகளும் கால்களுமே வழியாயின. சலவை நாளிலோ வீடு முழுவதும் நீரும் ஆவியுமாகவே கிடந்தது.

இத்தகைய வீட்டில் ஒரு பெண் தன் குழந்தைகளையும் பேணி, இவ்வேலைகள் யாவற்றையும் தானே ஆற்றுதல் எளிதன்று. எனவே உதவி தேவைப்பட்டமை உண்மை. அதனைப் போலியான ஆடம்பரம் எனத் தள்ளிவிட முடியாது. 1851 ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி பிரித்தானியாவில் இல்லப் பணியாளர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1867 இல் வெளியான ‘மூலதனம்’ என்னும் நூலின் முதற் பாகத்தில் கார்ல் மாக்ஸ் 1861 ஆம் ஆண்டுக் கணிப்பை எடுத்தாளுகின்றார். இங்கிலாந்திலும் வேல்சிலும் பணியாளர் 1,208,648 பேர். நெசவாலைகளில் 642,607 பேர். நிலக்கரி, உலோகச் சுரங்கங்களில் 565,835 பேர். நெசவையும் சுரங்கத்தையும் கூட்டினும் பணியாளர் தொகைக்கு 206 பேர் குறைவு! உலகின் தொழிற்சாலை எனப் பெயர்பெற்ற நாட்டிலே மிகப் பெரிய தொழிற்கூடமாக விளங்கியது வீடே என்பதனை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

தெரிவின் ஏணி

எந்த உதவியை முதலிற் பெறுவது என்ற வினாவுக்கு அக்காலத்தவர் அச்சிட்ட விடை ஒன்றையே வைத்திருந்தனர். இசபெல்லா பீற்றன் என்பார் 1859 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டு, 1861 இல் நூலுருவாக்கிய இல்ல நிருவாக நூல் முதலாண்டிலேயே 60,000 பிரதிகள் விற்பனையாயிற்று. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 25 மாத்திரமே. அந்நூலில் வருவாய்க்கேற்பப் பணியாளரை அமர்த்தும் ஒழுங்கு தரப்பட்டுள்ளது. ஆண்டு வருவாய் 150 அல்லது 200 பவுண் உடையோர் எல்லா வேலைக்குமாக ஒரு பணிப்பெண்ணையும், வேண்டியபோது ஒரு சிறுமியையும் வைக்கலாம். 300 பவுண் உடையோர் அப்பணிப்பெண்ணுடன் பிள்ளை பராமரிப்பவளையும் சேர்க்கலாம். 500 பவுண் எனின் சமையற்காரி, வீட்டுப் பணிப்பெண், பிள்ளை பராமரிப்பவள் என மூவர். 750 பவுணுக்கு இவர்களுடன் ஏவற் சிறுவன் ஒருவன். 1,000 பவுண் எனின் வீட்டுப் பணிப்பெண்கள் இருவராகி, ஆண் பணியாளன் ஒருவனும் சேர, ஐவர்.

இவ்வேணியை ஊன்றி நோக்குமிடத்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மிகக் குறைந்த வருவாயினர் ஏதேனும் ஒரு குறித்த வேலையிலிருந்து விடுதலை பெற விழையவில்லை. சலவைக்கு ஒருத்தி, கரி சுமக்க ஒருவன் எனப் பாரமான வேலையைத் தெரிந்து அதற்கு மட்டும் கூலி கொடுத்திருக்கலாம். நாட்கூலிக்குத் துணி வெளுக்கும் பெண்களும் தரை கழுவும் பெண்களும் நகரங்களில் இருக்கவே செய்தனர். ஆயினும் ஏணியின் முதற் படியில் நின்றது ஒரு வேலையன்று, ஓர் ஆள். வேலைகள் அனைத்தும் அவ்வோர் ஆளின் தலையிற் சுமத்தப்பெற்றன.

இரண்டாவது, ஏணியின் உச்சியில் ஆண் பணியாளன் நின்றமை. கதவைத் திறத்தலும் விருந்தினர்க்குப் பரிமாறுதலும் வீட்டின் மிகக் கடினமான வேலைகள் அல்ல. எனினும், அவற்றைச் செய்வோனுக்கே அதிக சம்பளம் வழங்கப்பெற்றது. அரசாங்கமும் இதனை அறிந்தே இருந்தது. அமெரிக்க யுத்தச் செலவை ஈடுசெய்ய 1777 இல் ஆண் பணியாளர்மீது விதிக்கப்பட்ட வரி 1937 வரை நீடித்தது. 1785 இற் பெண் பணியாளர்மீது விதிக்கப்பட்ட வரியோ ஏழாண்டுகளில் நீக்கப்பட்டது. ஆண் பணியாளன் ஆடம்பரம், பெண் பணியாளர் இன்றியமையாதோர் என்பதே இதன் உட்பொருளாகும். ஆகவே, தெரிவின் அளவுகோலாய் அமைந்தது உடலுக்கு வரும் ஓய்வு மாத்திரமன்று. அயலவர் கண்ணில் வரும் மதிப்பும் ஆகும். யோர்க் நகரின் வறுமையை 1899 இல் ஆராய்ந்து 1901 இல் நூலாக வெளியிட்ட சீபோம் ரௌன்றி, தொழிலாளர் வர்க்கத்தைப் பிரித்தறிவதற்குப் பணியாளரை வைத்திருத்தலையே எல்லைக் கோடாகக் கொண்டமை இதனைத் தெளிவுறுத்தும். அக்கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வாழ்ந்த எழுதுவினைஞனின் இல்லத்திற்கு ஒரு பணிப்பெண் என்பவள் உதவி மட்டுமல்லள். அவள் ஒரு சான்றிதழும் ஆவாள்.

ஒற்றைப் பணிப்பெண்

ஏணியின் அடிப்படியில் நின்ற அப்பெண்ணின் நிலை யாது? பீற்றன் தரும் சம்பளப் பட்டியலில், தேநீர், சீனி, பியர் ஆகியவற்றுக்குப் படி பெறாத ஒற்றைப் பணிப்பெண்ணுக்கு ஆண்டொன்றுக்கு 9 முதல் 14 பவுண் வரை குறிக்கப்பட்டுள்ளது. 150 அல்லது 200 பவுண் வருவாயில் இது நூற்றுக்கு ஆறேழு பங்கேயாகும். இச்சிறு தொகைக்குச் சூரியோதயத்தின் முன்னர் தொடங்கி, வீட்டார் உறங்கும் வரை நீளும் ஒரு முழு வாழ்வு கிடைத்தது. பணிப்பெண்களின் கடமைகளை வரிசைப்படுத்தும் பீற்றன்கூட, இவளைக் குறிப்பிடும்போது தனிமையும் ஓயாத வேலையும் இவளை இரங்கத்தக்கவள் ஆக்குகின்றன என ஒப்புக்கொள்கின்றார். பெரிய மாளிகையில் வேலை கடினமெனினும் உடனுண்ணவும் உரையாடவும் துணை உண்டு. சிறு வீட்டில் அத்துணையும் இல்லை.

இத்தகைய வாழ்வை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம் ஹனா கல்விக் என்ற பணிப்பெண்ணின் நாட்குறிப்பாகும். 1833 இற் சுரொப்சயரிற் பிறந்த அவர், எட்டு வயதிலேயே பணிக்குச் சென்றார். ஆதர் மன்பி என்ற கனவானின் தூண்டுதலால் தம் அன்றாட வேலைகளை எழுதிவந்தார். கழுவிய படிகள், துலக்கிய சப்பாத்துக்கள், அள்ளிய சாம்பல் என நீளும் அக்குறிப்புக்கள் 1984 இல் நூலாக வெளிவந்தன. 1873 இல் மன்பியை மறைவாக மணந்த பின்னரும் சீமாட்டியாக வாழ அவர் விரும்பவில்லை. தம் உழைப்பிலே அவருக்கிருந்த பெருமிதம் கவனிக்கத்தக்கது. பணியாளரை வெறும் இரக்கத்துக்குரியோராகக் காணும் வரலாற்றாசிரியரை இந்நாட்குறிப்பு எச்சரிக்கின்றது.

பணியினால் நன்மையே இல்லை எனக் கூறுதலும் நேர்மையாகாது. நாட்டுப்புறத்து வறிய குடும்பத்துப் பெண்ணுக்கு உணவும் உறையுளும் கிடைத்தன. சிறிது பணத்தைச் சேமித்து வீட்டுக்கு அனுப்பவும் முடிந்தது. பாத்திரம் கழுவும் சிறுமியாகச் சென்று சமையற்காரியாக உயர்ந்தோரும் உளர். ஆனால் இந்நன்மைகள் யாவும் எசமானியின் ஒரு சொல்லிலே தொங்கின. பணியை விட்டு நீங்குபவளுக்கு நன்னடத்தைப் பத்திரம் இன்றி வேறிடம் கிடையாது. அதனை வழங்குமாறு எசமானியைக் கட்டாயப்படுத்தும் சட்டமோ இல்லை. விற்கப்பட்டது வேலை மட்டுமாயின் இந்நிலை தோன்றியிராது. விற்கப்பட்டது நாள் முழுவதுமாகையால் ஆளின் நடத்தையும், நட்பும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தே விலைபோயின.

இம்மனப்பாங்கு கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இல்லப் பணியாளரைப் பதிவு செய்தற்கு வழிவகுத்தது. இங்கிலாந்தில் எசமானியின் கடிதமாக இருந்தது, இங்கு அரசாங்கப் பதிவேடாக மாறிற்று. பணியாளரின் நடத்தையைப் பதிவதற்குச் சட்டம் இருந்தது. அவர்தம் வேலைநேரத்தை வரையறுப்பதற்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் அது சட்டப் புத்தகத்தில் நிலைத்திருந்தமை சிந்தனைக்குரியது.

மாக்சின் வாழ்விலிருந்தும் ஈண்டு ஓர் உதாரணம் காட்டலாம். பணியாளரை நவீன காலத்து வீட்டடிமைகள் எனக் கருதிய அவருடைய இல்லத்திலும் ஹெலன டெமூத் என்ற பணிப்பெண் இருந்தார். 1845 இல் மனைவியின் தாயாரால் அனுப்பப்பெற்ற அவர், அக்குடும்பத்தின் கொடிய வறுமையிலும் அதனை விட்டு நீங்கவில்லை. 1890 இல் மறைந்தபோது மாக்ஸ் குடும்பத்தினரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ‘மூலதனம்’ எழுதி முடிக்கப்பட்டமைக்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம் எனலாம். அன்பும் நன்றியும் நிறைந்த இல்லத்திற்கூட, ஒருவரின் நூலுக்கு வேண்டிய காலம் மற்றொருவரின் வாழ்நாளிலிருந்தே பெறப்பட்டது.

ஆளன்று, வேலை

பணியாளை விலைக்குக் கொள்வதை விடுத்துக் குறித்த வேலையை மாத்திரம் கொள்ளலாம் என்ற சிந்தனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் அமெரிக்காவிலே வலுப்பெற்றது. மெலூசினா பே பியேர்ஸ் என்னும் பெண்மணி 1868 முதல் கூட்டுறவு இல்லப் பராமரிப்பு என்னும் கருத்தைப் பரப்பினார். அயலிலுள்ள பெண்கள் ஒன்றுகூடிச் சலவையையும் சமையலையும் ஒரு பொதுக் கூடத்தில் நடத்தி, அதற்குரிய பணத்தைத் தத்தம் கணவரிடமே அறவிடல் வேண்டும் என்பது அவர் திட்டம். 1870 இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜில் அமைக்கப்பட்ட சங்கம் மறு ஆண்டே கலைந்தது. கணவர்மாரின் எதிர்ப்பும் இதற்கு ஒரு காரணமாகும். 1898 இல் சாலட் பெர்க்கின்ஸ் கில்மன் ‘பெண்களும் பொருளாதாரமும்’ என்ற நூலில் இதனை மேலும் வளர்த்தார். சமையலறை இல்லாத வீடுகள், பயிற்சி பெற்ற சமையலாளர், நேரம் வரையறுத்து வந்து செல்லும் துப்புரவாளர் என்பன அவர் கண்ட தீர்வாகும்.

நடைமுறையில் இச்சிந்தனைக்கு வாய்த்த ஓர் எடுத்துக்காட்டு இங்கிலாந்திலேயே தோன்றிற்று. 1901 இல் ஹியூபேட் செசில் பூத் அமைத்த தூசி உறிஞ்சும் இயந்திரம் வீட்டினுள் கொண்டுசெல்ல இயலாத அளவு பெரியது. குதிரை இழுத்த வண்டியில் அது வீட்டு வாயிலுக்கு வரும். நீண்ட குழாய்கள் சாளரத்தினூடாக உள்ளே செல்லும். வேலை முடிந்ததும் கூலியைப் பெற்று ஆட்கள் சென்றுவிடுவர். 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தின் கம்பளங்களும் இவ்வாறே தூய்மை செய்யப்பட்டன. வந்தவர் வேலையை விற்றனர், தம்மை விற்கவில்லை.

எனினும், இத்தகைய முயற்சிகள் அன்று பரவவில்லை. பணிப்பெண்ணின் உழைப்பு மலிவாகக் கிடைக்குமளவும் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் பெருஞ் செலவு செய்ய வீட்டுக்காரர் விரையவில்லை. மாடிப்படியில் வெந்நீர் சுமப்பதற்கு ஒருத்தி இருக்கையில் வெந்நீர்க் குழாய் எதற்கு? உதவியின் மலிவே உதவியின் தேவையை நீடிக்கச் செய்தது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

முறையின் மறைவு

மாற்றம் எசமானியரின் மனச்சான்றிலிருந்து தோன்றவில்லை. பணிப்பெண்களின் கால்களிலிருந்தே தோன்றிற்று. வேறு வழி திறந்தபோது அவர்கள் நடந்துசென்றனர். கடைகளும் அலுவலகங்களும் வேலை வழங்கின. அங்குச் சம்பளம் பெரிதல்லவெனினும் மாலை நேரம் சொந்தமாயிருந்தது. 1911 ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் பணியாளரையும் உள்ளடக்கியபோது, வாரந்தோறும் முத்திரை ஒட்டுவதை எதிர்த்து இலண்டன் அல்பேட் மண்டபத்திலே பெருங் கூட்டம் நடைபெற்றது. வேலைக்காரியும் ஒரு தொழிலாளியே என்பதனைச் சட்டம் ஏற்றுக்கொண்டமை பலருக்கு அதிர்ச்சியளித்தது. 1914 இன் யுத்தம் இலட்சக்கணக்கான பெண்களை வீட்டிலிருந்து ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் பேருந்துகளுக்கும் அழைத்துச் சென்றது. யுத்தத்தின் பின் அவர்களை மீண்டும் பணிக்குத் தள்ள அரசாங்கம் முயன்றது. 1920 ஆம் ஆண்டு வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் இல்லப் பணியாளரை விலக்கிவைத்தது. வேலையின்மையின் கொடுமையால் பலர் திரும்பினர் எனினும், விருப்பத்துடன் திரும்பியோர் சிலரே.

எசமானியரின் பக்கமும் இக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ப் இதற்குத் தக்க சான்றாவார். 1916 முதல் 1934 வரை அவர் இல்லத்தில் நெலி பொக்சல் என்ற சமையற்காரி பணியாற்றினார். இருவரிடையே பிணக்கும் இணக்கும் மாறிமாறி நிகழ்ந்தமை வூல்பின் நாட்குறிப்புக்களிலே தெளிவாகின்றது. எழுதுவதற்குத் தனியறையும் போதிய வருவாயும் பெண்ணுக்கு வேண்டும் என 1929 இல் நூல் எழுதிய அவர், அதே ஆண்டில் எண்ணெய் அடுப்பொன்றை வாங்கித் தாமே சமைத்தபோது பெரும் விடுதலை உணர்வு அடைந்தார். பின்னர், வீட்டில் தங்காது நாள்தோறும் வந்து செல்லும் பணிப்பெண்ணையே அமர்த்தினார். இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். வீட்டினுள் மற்றொரு மனிதரின் வாழ்நாளை வைத்திருத்தல் வைத்திருப்பவருக்கும் சுமையே.

1926 ஆம் ஆண்டு மின்சார வழங்கற் சட்டம் நாடளாவிய மின்வலைக்கு அடித்தளமிட்டது. 1924 இல் அமைக்கப்பட்ட பெண்கள் மின்சாரச் சங்கத்தில் கரொலைன் ஹாஸ்லெற் போன்றோர் மின்சாரமே புதிய பணியாள் எனப் பரப்புரை செய்தனர். 1939 அளவில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கு வீடுகள் மின்னிணைப்புப் பெற்றிருந்தன. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின் பழைய முறை மீளவில்லை. 1951 ஆம் ஆண்டுக் கணிப்பின்போது தங்கிப் பணியாற்றுவோரைக் கொண்ட இல்லங்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கியிருந்தன.

இதனால் இல்லத்தரசியரின் ஓய்வு பெருகிற்றா? அமெரிக்க நிலையை ஆராய்ந்து 1983 இல் நூல் எழுதிய ரூத் சுவாற்ஸ் கோவன், இயந்திரங்கள் உடலின் சுமையைக் குறைத்தனவேயன்றி, வேலை நேரத்தைக் குறைக்கவில்லை எனக் காட்டினார். தூய்மையின் தரம் உயர்ந்தது. பணிப்பெண்ணும் சலவைக்காரியும் செய்தவை ஒரே பெண்ணின் கையில் வந்து சேர்ந்தன. ஒற்றைப் பணிப்பெண் மறைந்தாள். அவளது இடத்தில் இல்லத்தரசியே நின்றாள். வீட்டின் ஆண்மக்கள் அவ்வேலையைப் பங்கிடாதவரை எவ்வுதவியும் முழு உதவியாகாது என்பது இதன் படிப்பினையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் துணியப்படும். ஒன்று, மிகுந்த நலம் பயந்த உதவி மிகுந்த மதிப்பைத் தந்த உதவியன்று. கரி சுமத்தலும் துணி வெளுத்தலும் போன்ற பாரமான வேலையைக் குறைத்த உதவியே. இரண்டு, வேலையை வரையறுத்து வாங்கிய இடத்து வாங்கியவரும் விற்றவரும் தத்தம் வாழ்வைத் தாமே வைத்துக்கொண்டனர். ஆளை வாங்கிய இடத்து இருவரும் இழந்தனர், ஒருவர் பெரிதும் மற்றவர் சிறிதும். மூன்று, இவ்வேறுபாட்டை உருவாக்கியது எசமானியின் நற்குணமன்று. பணிப்பெண்ணுக்கு வேறு வழி இருந்தமையும் சட்டத்தின் காவலுமே.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1970 களின் பிற்பகுதி முதல் இலங்கைப் பெண்கள் பல்லாயிரவர் மத்திய கிழக்கு நாடுகளின் இல்லங்களுக்குப் பணியாளராகச் சென்றனர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பிறர் குழந்தையைத் தாலாட்டச் சென்ற தாயின் குழந்தை இங்கே பாட்டியின் மடியில் வளர்ந்தது. அத்தாய்க்கு யார் உதவியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தனர்? 2011 இல் சருவதேசத் தொழில் தாபனம் இல்லப் பணியாளருக்கான 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வேனும் அவர்க்கு உரியது என வரைந்தது. ஹனா கல்விக் பிறந்து ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளின் பின்னர் உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை அது.

எவ்வுதவியைக் கூலிக்குப் பெறின் என் வாழ்வு செழிக்கும் என ஒருவர் வினவுதல் தவறன்று. அவ்வுதவியைத் தருபவரும் மாலையில் தம் வீடு திரும்பி இதே வினாவை எழுப்ப இயலுமா என்பதையும் சேர்த்து வினவுதலே வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.